பட்டனை அழுத்தியதும் கிளம்பிய கார்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதனாலேயே அண்ணிகள் என்னிடம் அளந்துதான் பேசுவார்கள். பீளமேட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அப்பாவின் பழைய காரை ஓட்டிப் போவேன். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். அப்போது மட்டும் அண்ணிகள் சிரித்துக்கொண்டே தள்ள வருவார்கள்.

"ஏனுங் அம்மணி, இத்தன படிச்சும் எங்க கைதான் வேணுமாட்ட இருக்குது!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்திய பிறகும் பேட்டரி இறங்குவதாகவே மீட்டர் முள் காட்டியது. டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கும் கட்-அவுட்டைத் திறந்தேன். எஞ்சின் நின்றதும் பிரிய வேண்டிய முனைகள் ஒட்டிக் கிடந்தன. பிரித்துத் தேய்த்தேன்.

மறுநாள் பட்டனை அழுத்தியதும் கார் கிளம்பியது.

"இனி நாங்க எதுக்குங்க?" என்று பெரிய அண்ணி உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

'சும்மா ஏறுங்க அண்ணி, ஒரு சுற்றுப் போய் வரலாம்' என்று கூப்பிட்டிருக்கலாம். கார் ஓடிய பெருமையில் எனக்கு அது தோன்றவே இல்லை.