தங்கச்சியின் கடல்

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து ஓடையில் முதலில் நீந்தக் கற்றவள் விஜிதாதான். தங்கச்சி விதுஷாவுக்குத் தாடையைத் தாங்கிப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. ஆனால் இன்று திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் படகேறி, புறாத்தீவுக்கு வரும் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுகிறவள் விதுஷா. விஜிதாவுக்கோ சீகிரியா ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை.

திருகோணமலையிலிருந்து திரும்பிவரும் விருந்தாளிகள் அறையில் வைத்துப் போனை நீட்டுவார்கள். "இந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா!" திரையில் ஈரத்தலையோடு விதுஷா சிரித்துக்கொண்டிருப்பாள். விஜிதாவும் சிரிப்பாள். தங்கச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் புறாத்தீவைப் பற்றி அவளிடம் விசாரித்தது. "இப்ப கடல் சரியில்ல, போகாதீங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். சொல்லும்போது நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

விடுமுறைக்கு அவள் நிலாவெளி போனபோது கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. விதுஷா அவளைத் தீவுக்குக் கூட்டிப்போய் முகமூடி மாட்டிவிட்டாள்.

"முருகைக்கல்லு மேல மட்டும் கால வச்சிராத அக்கா. அது உசிரு."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்ததும் விஜிதாவுக்கு மூச்சு நின்றது. மஞ்சள் மீன்கள், முருகைக்கல்லின் பவளக் கொம்புகள், துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறா ஒன்று. இதையெல்லாம் இவள் தினமும் பார்க்கிறாளா? வழிகாட்ட நீண்ட தங்கச்சியின் கையை உதறிவிட்டுத் தனியே நீந்தினாள்.

கரையில் தலை துவட்டிக்கொண்டே விதுஷா கேட்டாள்: "கடல் சரியில்லன்னு ஏன் சொன்ன? அந்தப் பிரெஞ்சுக்காரங்க நம்பாம வந்துட்டாங்க. சொன்னது யாருன்னும் சொன்னாங்க."

விஜிதா மணலைப் பார்த்தாள். "வயித்தெரிச்சல்தான். வேறென்ன?"

விதுஷா துவாலையைப் பிழிந்து உதறினாள். பிறகு, "எங்க படகுல ஆள் பத்தல. வர்றியா?" என்றாள்.

"ஒனக்குக் கீழயா? அதுக்கு நான் பெட்ஷீட்டே மடிப்பேன்."

ஹோட்டலுக்குத் திரும்பியதும் பொய் சொல்வதை விட்டுவிட்டாள். கேட்பவர்களிடம் தங்கச்சியின் பெயரையும் நம்பரையும் கொடுத்தாள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எரிந்தது. பொறுக்கமுடியாமல் ஒருநாள் மேனேஜரிடம் போய், நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் வேலையைக் கேட்டாள். "நீந்திக் காட்டு பார்ப்போம்" என்றார். காட்டினாள். உயிர்காப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேறிவந்து சிவப்புச் சட்டை போட்டாள்.

செய்தியை அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் விதுஷாவுக்குத்தான் அனுப்பினாள். மறுநாள்தான் பதில் வந்தது: "சந்தோசம் அக்கா. ஆனா அங்க மீன் இல்லியே."

விஜிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆளில்லாத தடாகத்தில் குதித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலை தூக்காமல் நீந்தினாள்.