ஏகாதசியன்று ஒரு டம்ளர் பால்

போன வருடம் கார்த்திகை மாதத்து ஏகாதசியன்று திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில் நடந்தது இது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய, மாமியாரைத் திருவிடந்தைப் பெருமாள் தரிசனத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. ஆனாலும் ஏகாதசி என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

"பெருமாளே உள்ள வந்து சொல்றாருடி, சாப்புடாதன்னு. என் மனசுக்குத் தெரியாதா?" என்பார். அதற்கு மேல் என்ன பேச? டாக்டர் சொல்லி, என் கணவர் கெஞ்சி, நான் சண்டை போட்டு, எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது. அன்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

பஸ்ஸுக்கு நின்றபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. நான் பதறிப்போய் நின்றேன். மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "இன்னாம்மா பாத்துகினு கீற? எங்க வூட்லயும் இதே கதைதான், சக்கரை எறங்கிகீது!" என்று டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளி வந்தார். மாமியார் "ஏகாதசி, வேணாம்" என்று முனகி வாயை இறுக மூடிக்கொண்டார். "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், தின்னு தாயி!" என்று ஊட்டியே விட்டார் அந்த அம்மா.

தெளிந்ததும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "விரதம் போச்சே!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரதம் முறிந்ததென்று மாமியாருக்கு ஓயாத அழுகை. மனுஷியைக் கொல்லப் பார்க்கிற சாமி, சாமியே இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் தன் பையிலிருந்த ஏகாதசி மகிமைப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார், அவருக்குப் பார்வை மங்கல். வழக்கமாகக் கதை முடிந்ததும் "போதும்" என்பார். அன்று அழுகையில் சொல்லவில்லை. நானும் தூக்கக் கலக்கத்தில் பின்னாலிருந்த விரத விதிகளையும் வாசித்துக்கொண்டே போனேன். தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து இவற்றால் விரதம் முறியாது என்று சாஸ்திரம் சொல்வதாக அதில் இருந்தது.

"திருப்பிப் படி" என்றார். படித்தேன்.

"நீயா எதனா சேத்துப் படிக்கிறியா?"

"சத்தியமா இல்லத்தே. நீங்களே பாருங்க."

புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அடுத்த ஏகாதசிக்கு ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனசு ஒப்பலடி. தப்பு தப்புன்னு அடிச்சிக்குது." எனக்கு வாதாடத் தெம்பில்லை. "அடிச்சிகினு கெடக்கட்டும். எழுதி வச்சிகீதே" என்று சொல்லி, கண்ணீர் வழிய வழியக் குடித்து முடித்தார்.

பட்டினி அவருக்குப் பழகிப்போனது; நான் பார்த்ததில், மனசு தடுத்தும் குடித்த அந்த ஒரு டம்ளர் பால்தான் அவர் இருந்த மிகக் கடுமையான விரதம். ஷிப்ட் முடிந்து களைத்து வரும்போது, சாமியாவது பூதமாவது என்று மனசு சலித்துக்கொள்கிற நாட்களில் அந்த டம்ளரை நினைத்துக்கொள்கிறேன், அலுப்பில் என் மனசு சொல்வதும் வேதவாக்கு இல்லையே.