ஞாயிற்றுக்கிழமை மாற்றிய கிளட்ச் சிலிண்டர்

லாரிகளுக்குக் கிளட்ச் சிலிண்டர் செய்கிற கம்பெனி ஒன்றில், கும்மிடிப்பூண்டியில், ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கையில் பிடிக்கிற அளவு இரும்பு உருளை அது. உள்ளே பிஸ்டனையும் ரப்பர் வளையத்தையும் மாட்டி, சோதனை மேடையில் பூட்டி, எண்ணெய் ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. ஆனால் அந்தச் சிலிண்டர் லாரியில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் என்பதைப் போன வருடம் வரை நான் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் லாரி டிரைவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் காலையிலேயே கம்பி லோடு ஏற்றிக்கொண்டு அத்திப்பட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பொன்னேரி தாண்டி ரோட்டோரமா நிக்கிறேன். கிளட்ச் பெடலு தொபுக்குனு உள்ள பூடுச்சு, மேல வரவே மாட்டேங்குது. கீய சிலிண்டர்லேர்ந்து ஆயில் சொட்டுது."

"மெக்கானிக்கு?"

"சூளூர்ப்பேட்டைல கல்யாணம்னு போய்க்கிறான். நீ பொன்னேரில ஒரு சிலிண்டரும் பிரேக் ஆயிலும் வாங்கினு வந்துடு. மாட்றத நான் பாத்துக்கிறேன்."

துணியை அப்படியே பக்கெட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். பொன்னேரியில் இறங்கி, மூடப்போகிற நேரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்து பார்த்தேன். எண்ணெய் போகிற துளையை அடைக்கிற பிளாஸ்டிக் மூடி இல்லை. துளைக்குள் விரலை விட்டால் நறநறவென்று மணல்.

"வேற குடுங்கண்ணா. இதுல மண்ணு பூந்துகீது."

"புது பீசும்மா அது. தட்டிட்டு மாட்டுனா ஓடும்."

"ரப்பர கீறிடும்ண்ணா. ஒரு வாரம்கூட தாங்காது."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். அதன் தள்ளுகம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டேன். தடங்கலில்லாமல் போய், தடங்கலில்லாமல் திரும்பியது. துளைகளில் மூடி இருந்தது. வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ஒரு அரிசி ஆலையின் மதிலோரம் வண்டி நின்றிருந்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தார். எதிரே வயலில் நாற்று நட்டு முடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் அடியில் சாக்கு விரித்துப் படுத்து, பழைய சிலிண்டரை ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்தார். முகமெல்லாம் கரி.

"அங்க பாரு, கியர் பாக்ஸ் பக்கத்துல. அங்கதான் ஒக்காரும்."

குனிந்து பார்த்தேன். பெடலிலிருந்து வருகிற எண்ணெய்க் குழாய் ஒரு பக்கம் தொங்கியது. பெடலை மிதித்தால் எண்ணெய் அந்தக் குழாய் வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் கம்பியைத் தள்ளும். கம்பி கிளட்சை விலக்கும். அப்போதுதான் கியர் விழும். மேடையில் நான் தினமும் பார்க்கிற அதே அசைவுதான். அதன் மறுமுனையில் இவ்வளவு பெரிய வண்டி இருக்கிறது என்பதுதான் எனக்குப் புதிது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் புதியதை வைத்து இரண்டு போல்ட்டையும் முடுக்கி, குழாயை இணைத்தார். இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கென்று சிலிண்டரில் நிப்பிள் என்ற சின்னத் திருகு இருக்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அதைத் திறந்து மூட வேண்டும். நான் கேபினில் ஏறி அவர் சீட்டில் உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. சீட் விளிம்புக்கு நகர்ந்து மிதித்தேன்.

"அமுக்கு... அமுக்கு... புட்ச்சிக்கோ!" என்று அடியிலிருந்து குரல் வரும். பிடித்துக்கொள்வேன். அவர் நிப்பிளைத் திறப்பார், பெடல் தரையோடு போகும். மூடிவிட்டு "உடு" என்பார். நடுநடுவே நான் இறங்கி, கிளட்ச் குழாய்க்கு எண்ணெய் தருகிற டப்பாவில் எண்ணெய் குறையாமல் ஊற்றினேன். இருபது முறைக்கு மேல் செய்திருப்போம். பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது.

அவர் வெளியே வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ வாங்கினு வந்த சாமான்தான் சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பாத்துதான்யா வாங்கினேன்."

"கம்பெனில ஒக்காந்துக்குனு ரப்பர் மாட்றது வேற, ரோட்ல வண்டி வேல பாக்கறது வேற. தெரிஞ்சிக்கோ."

துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, சாக்கின்மேல் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. குழாய் மேல் துளையில் இருந்தது, நிப்பிள் கீழ்த் துளையில்.

எங்கள் சோதனை மேடையில் நிப்பிள் எப்போதும் மேலே. காற்று மேலேதான் போய் நிற்கும், திறப்பும் அங்கேதான் இருக்க வேண்டும். அவசரத்தில் யாராவது தலைகீழாகப் பூட்டிவிட்டால் அழுத்தம் காட்டுகிற முள் ஆடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் நிற்காது. இந்தச் சிலிண்டரில் இரண்டு துளைக்கும் ஒரே மரை. எதை எங்கே மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

"நிப்பிளு கீய இருக்குது. மாத்தி மாட்டிக்கிற."

"பயசுலயும் அப்டிதான் இருந்துச்சு."

அவர் கழற்றிப் போட்ட பழைய சிலிண்டரைக் கையில் எடுத்தேன். தரையைப் பார்த்த பக்கமெல்லாம் சேறு காய்ந்து தடித்திருந்தது. மேல் பக்கம் வெறும் தூசி. துப்பட்டா நுனியால் தூசியைத் துடைத்தேன். நிப்பிள் அங்கே இருந்தது. அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். சேற்றை நகத்தால் சுரண்டினார். மறுபடியும் பார்த்தார்.

"நகரு," என்றார். "நான் கயட்றேன்."

"நானே கயட்றேன். ஸ்பேனர குடு."

கொடுத்தார். குழாயைக் கழற்றும்போது எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. அது தோலை எரிக்கும், அவர் பாட்டில் தண்ணீரை என் கைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். நிப்பிளை மேலே மாற்றி, குழாயைக் கீழே பூட்டினேன். கடைசி முடுக்கு மட்டும் அவர் கொடுத்தார். அதற்கு என் கையில் பலம் போதவில்லை.

இப்போது அவர் மேலே, நான் கீழே. நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன்.

"அமுக்கு! புட்ச்சிக்கோ!"

திறந்தேன். பாட்டிலுக்குள் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. மூடினேன். மூன்றாவது, நான்காவது முறை வரை குமிழி வந்தது, பிறகு பொடிப்பொடியாய்க் குறைந்தது. அதற்குப் பின் வெறும் எண்ணெய், கண்ணாடி மாதிரி.

மேலே அவர் பெடலை மிதிக்கிற சத்தமே மாறிவிட்டது.

"வந்துச்சு!" என்று கத்தினார். "கால்ல நிக்குதுமே!"

நான் சாக்கோடு வெளியே உருண்டு வந்து நிப்பிளிலும் குழாய் மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். கசிவில்லை. எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டார். கரகரப்பு இல்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் அப்படியே.

அத்திப்பட்டில் லோடு இறங்கும்வரை நானும் கூடவே இருந்தேன். மீஞ்சூர் தாண்டும்போது, "அப்டி பேசிருக்கக் கூடாது," என்றார்.

திரும்புகிற வழியில் திருவள்ளூரிலிருந்து லாரி ஓனர் போன் செய்தார். வேலை சரியாக நடந்திருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். "மெக்கானிக் இருந்தா போனக் குடு," என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. வீட்டுக்காரர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் போனை என்னிடம் நீட்டினார்.

"சொல்லுங்க சார்."

"யாரும்மா நீங்க?"

"நான்தான் சார் பாத்தேன். புது சிலிண்டரு போட்டு ஏர் எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல டப்பால ஆயில் எறங்கிக்குதான்னு ஒரு வாட்டி பாக்கச் சொல்லிக்கிறேன்."

"இன்னொரு வண்டிலகூட பெடலு அப்டித்தான் அமுங்குதும்மா. வந்து பாப்பீங்களா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெயமன்னா வர்றேன் சார்," என்றேன். "மத்த நாள்ல டூட்டி இருக்குது."