ரவுண்ட் ராக்கில் ஸ்வாஹிலி பேசிய பேரன்

திங்கட்கிழமை பிற்பகல் ஆஸ்டின் விமான நிலையத்தில் இறங்கினேன். நியூஜெர்சியில் மகன் வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருப்பதாக ஏற்பாடு. டெக்சாஸில் இருக்கும் மகள் கவிதா போனில் அழுததால் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். ரவுண்ட் ராக் இருபத்தெட்டு மைல். டோலோடு சேர்த்து டாக்ஸிக்கு ஐம்பத்திரண்டு டாலர். டிரைவர் ஏசியைக் குறைக்கவே இல்லை.

பேரன் நிலவனுக்கு இரண்டே கால் வயது. பேச்சு வரவில்லை. இந்த வயதில் ஐம்பது சொல்லாவது வேண்டுமாம். தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் பதினாறுதான்.

"இங்கிலீஷ் டேகேர்ல சீட் கெடச்சிருக்குப்பா. ஆனா பேச்சு டிலே இருந்தா இப்ப இருக்கற எடத்தை மாத்த வேண்டாங்கறார் டாக்டர். புதன்கிழமை டெஸ்ட் பண்ண வர்றாங்க" என்றாள் கவிதா.

செவ்வாய்க்கிழமை மாலை அவனை அழைத்துவர நானும் போனேன். நான்கு மைல் தள்ளி, ஃபுராஹா என்ற காங்கோ நாட்டுப் பெண் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கவிதா எப்போதும் வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு அடுத்த மீட்டிங்குக்கு ஓடுகிறவள். எனக்குச் சர்க்கரை வியாதி. பாத்ரூம் கேட்டு உள்ளே போனேன்.

திரும்பும்போது பார்த்தால், நிலவன் ஃபுராஹாவின் மகள் நீமாவோடு தரையில் உட்கார்ந்து வாய் மூடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஸ்வாஹிலி, எங்கள் மொழி. என் மகளைவிட உங்கள் பேரன் பெரிய வாயாடி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள் ஃபுராஹா.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் மாஜி. பால் மஸீவா. அவன் சொல்லச் சொல்ல அவள் பொருள் சொன்னாள். இரண்டு முறை காதில் விழுந்ததை மட்டும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

"பாத்ரூம் போன ஆளையே காணோம்?" என்று கவிதா உள்ளே வந்தாள்.

"உம்பையன் பேசறான் கண்ணு. நமக்குத்தான் புரியல."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "இதையா நான் ஒளறறான்னு நெனச்சேன்?" என்றாள்.

புதன்கிழமை காலை பேச்சை அளக்கும் பெண் வந்தார். அவரிடம் ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும்தான் சொற்பட்டியல் இருந்தது. என் முப்பத்தெட்டையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். "இந்த மொழியில் இரண்டு வயதுக்கு எத்தனை சொல் சரி என்று சொல்ல என்னிடம் அளவு இல்லை. ஆங்கிலத்தின் நான்கு சொல் அதில் ஒரே சொல்லாக வந்துவிடும். அதை எத்தனை என்று எண்ணுவது? எப்படியானாலும் இவன் பேசுகிறான். தாமதம் இல்லை" என்றார்.

அவர் கார் கிளம்பியதும் கவிதா, "அப்ப இனி பயமில்லாம எடத்தை மாத்திரலாம்" என்றாள்.

"நல்லாப் பேசற எடத்தை விட்டுட்டு எதுக்கு?"

"வீட்ல ஒருத்தருக்கும் புரியாத பாஷைய வெச்சு என்னப்பா பண்றது? நீங்களே தமிழ்ல பேசலைன்னுதான பொலம்புனீங்க?"

புலம்பினேன்தான். நான் எண்ணிக் கொடுக்காமல் இருந்திருந்தால் பையன் அங்கேயே இருந்திருப்பான். உதவுவதாக நினைத்துத்தான் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை அங்கே கடைசி நாள். கவிதா காரில் மீட்டிங்கில் இருந்தாள். ஃபுராஹா அவனுடைய மாற்றுத் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். வாசலில் நீமா ஏதோ கேட்டாள். என் இடுப்பில் இருந்த நிலவன், "தகூஜா கேஷோ" என்றான்.

"என்ன சொல்கிறான்?" என்று ஃபுராஹாவைக் கேட்டேன்.

"நாளைக்கு வருவேன் என்கிறான். கேஷோ என்றால் நாளை." அவள் என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவனைப் புது டேகேரில் விட்டுவிட்டு என்னை விமான நிலையத்தில் இறக்கிவிடுவதாகத் திட்டம். ஃபுராஹா வீட்டுக்குத் திரும்பும் சிக்னலில் கார் நேராகப் போனது. நிலவன் கழுத்தை வளைத்து அந்தத் தெருவைப் பார்த்தான்.

"கேஷோ?" என்றான்.

கவிதா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "என்னப்பா சொல்றான்?"

தெரியவில்லை என்றேன்.