மஞ்சளில் கசிந்த பச்சை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவளைச் சாயக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அணுவுக்கு எந்த ஒளிரும் சாயம் என்று தேர்ந்தெடுப்பது அவள் வேலை. லேசர் பட்டதும் அணுக்கள் அந்த நிறத்தில் மின்னும், கருவி எண்ணிவிடும்.

அன்று வந்தது, புற்றுநோய் சிகிச்சை முடித்த ஓர் இளம் தாயின் ரத்தம். நல்ல அணுக்களுக்குப் புதிதாக வந்த பளிச்சென்ற பச்சையையும் நோய் அணுக்களுக்கு மஞ்சளையும் போட்டிருந்தாள். திரையில் மஞ்சள் புள்ளிகள் ஈசலாய் மொய்த்தன.

டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. “திரும்ப வந்துடுச்சாம்மா?”

“அவசரப்படாதீங்க டாக்டர். பச்சையை மட்டும் தனியா போட்டுப் பார்க்கிறேன்.”

மஞ்சளே சேர்க்காத அந்தக் குழாயிலும் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. பச்சையின் ஒளிதான் பக்கத்து நிறத்தில் கசிந்திருக்கிறது! தேர்ந்தெடுத்தவள் தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மஞ்சளுக்குப் பதில், பச்சையை விட்டு வெகுதூரம் விலகிய கருஞ்சிவப்பைப் போட்டு மறுபடி ஓட்டினாள். நோய் அணு இருந்தால் கருஞ்சிவப்பு மின்னவேண்டிய திரையின் மூலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“வயித்துல பாலை வார்த்தே, தாயே!” என்று டாக்டர் வராந்தாவுக்கு ஓடினார். அங்கே காத்திருந்த கணவனின் அழுகையும் சிரிப்பும் கலந்த குரல் உள்ளே கேட்டது. அப்போதுதான் சாயக்காரிக்குப் பசித்தது.