தொட்டிக்கு வடித்த சோறு

திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனுக்கு நான் சூப்பர்வைசர். கழனித்தண்ணீர், வடித்த கஞ்சி, தட்டில் மிஞ்சியது எல்லாவற்றையும் பின்கேட்டில் ஒரு டிரம்மில் கொட்டி வைப்போம். பக்கத்துத் தெருவில் இரண்டு கறவை மாடு வைத்திருந்த அக்கா, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து அள்ளிப் போவார். டிரம் அவருடையது. கேன்டீன் டீக்கும் அவர் வீட்டுப் பால்தான். ஒப்பந்தம், கையெழுத்து என்று எதுவும் கிடையாது.

பிறகு கம்பெனியில் பசுமைப் பிரிவு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கேன்டீனுக்குப் பின்னால் பயோகேஸ் தொட்டியும், அதில் ஊறும் கேஸில் எரிய ஓர் அடுப்பும் வந்தன. மிச்சம் மீதி எல்லாம் இனி தொட்டிக்குத்தான், வெளியே ஒரு சொட்டுப் போகக்கூடாது என்றார்கள். அக்காவிடம் போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. தவிட்டை விலைக்கு வாங்கிச் சமாளித்துப் பார்க்கிறேன் என்றார்.

அதே பிரிவு அடுத்து, சாப்பாட்டை வீணாக்காதீர் என்று பலகை மாட்டியது. தட்டு கழுவும் இடத்தில் ஓர் ஆளையும் நிறுத்தியது. அவர் முறைக்கிற முறைப்பில் யார் மிச்சம் வைப்பார்கள்? உலை வைக்கும் அரிசியையும் குறைத்தோம். இரண்டுமே நல்ல திட்டங்கள்தான். ஒன்று ஜெயித்தால் மற்றது பட்டினி கிடக்கும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தொட்டி காய்ந்து, அதன் அடுப்பு எரியாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை தினமும் ஓர் அண்டா சோறு கூடுதலாக வடித்துத் தொட்டியில் போடச் சொன்னார். கேஸ் வருவதற்காக சிலிண்டர் கேஸில் சோறு ஆக்கினோம். எனக்கு வந்த எரிச்சலை அரிசி களைவதில் காட்டினேன்.

ஒருநாள் காலை ஆவி பறக்க அண்டாவைச் சாய்க்கும்போது, பால் ஊற்ற வந்த அக்கா பின்கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, சுடு சோத்த அதுல கொட்டிகினு கீற?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என் மாடு எச்சில் சோத்தக் கூட வேணாம்னு சொன்னதில்லம்மா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு லிட்டர் கூடுதலாக வேண்டும், பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சை மாற்றினேன்.

“நாளைலேர்ந்து பாலு இல்லம்மா. தவுடு வாங்கிப் போட்டு கட்டுப்படி ஆவல. ரெண்டையும் வித்துட்டேன்.”

பின்கேட்டிலேயே கிடந்த அவருடைய காலி டிரம்மை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

மறுநாள் அடுப்பு நன்றாக எரிந்தது. வந்தவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தேன். பிரமாதம் என்று ஒருவர் இரண்டாவது கப் கேட்டார். இன்னொரு பால் பாக்கெட்டைக் கத்தரித்தேன்.