அப்பா தைத்த பனிக்காலம்

எங்கள் வீட்டுப் பூகோளம் முழுக்க முழுக்க பனியன் கம்பெனியில் தயாரானது. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற அந்தக் கம்பெனியில் அப்பா ஓவர்லாக் டெய்லர், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிறவர். சேவூர்ப் பக்கத்துக்காரர், அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். ஆனால் எந்த நாட்டைக் கேட்டாலும் டக்கென்று சொல்லுவார். டென்மார்க்காரர்களுக்குக் கை நீளம். தைக்கிற சட்டையில் அவர் கண்ணால் பார்த்த அளவு. பிரான்சில் குழந்தைகளுக்குத் தலை பெரிசு. இல்லாவிட்டால் தோளில் எதற்குப் பட்டன் வைக்கச் சொல்கிறார்கள் என்பார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன்.

பருவங்களையும் அப்படித்தான் தெரிந்துகொண்டோம். ஜூன் மாதம், சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் வியர்வை வழிய வழிய, கனத்த துணியில் தொப்பி வைத்த குழந்தைச் சட்டைகள் மிஷினில் ஓடும். நெஞ்சில் ஒரு மான், சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பனி. மார்கழியில் நாங்கள் வெடவெடவென்று நடுங்கும்போது கையில்லாத பனியன்கள் ஓடும். ஆக, இங்கே வெயிலடித்தால் அங்கே பனி கொட்டுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் நான்தான் சோறு கொண்டுபோவேன். சின்னக் கம்பெனி, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அப்பா சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் வெட்டிக் கட்டிவைத்த துணிக்கட்டுகளின் மேல் படுத்திருப்பேன். மெத்துமெத்தென்று இருக்கும். கண்ணை மூடினால் மிஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மழைச் சத்தமாகும், அப்புறம் அதுவும் அடங்கி, வெள்ளையாக என்னவோ மேலிருந்து இறங்கும். முன்பின் தெரியாத ஊரில் ஒரு வாசல், அதில் ஒரு பிள்ளை நின்று எங்கள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கும். சட்டை இல்லாமல் நிற்கும்.

"போ கண்ணு, அங்க புள்ளைங்க குளுருல கெடக்குது," என்று அப்பா கையைக் கழுவிவிட்டு மறுபடியும் மிஷினில் உட்காருவார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பீஸ் முடிந்ததும் தொப்பிக்குள் கையை விட்டு, காது மூடுமா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வினாடி வினா வந்தது. எங்கள் வகுப்புக்கு நான்தான். அப்பா வந்து பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வாரம் உயிரை வாங்கினேன். சரி சரி என்றவர், அன்றைக்குக் காலையில் தலையைச் சொறிந்தார்.

"ஷிப்மெண்ட் கண்ணு. நாம ஒரு நா நின்னுக்கிட்டா, அந்தப் புள்ளைங்க ஒரு நா நடுங்கோணுமில்ல."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் அந்த வாசலில் நிற்கும் பிள்ளையை நினைத்து விட்டுக்கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடைசிக் கேள்வி வரும்போது நாங்களும் பக்கத்து வகுப்பும் சமமாக இருந்தோம். "இந்த ஜூன் மாதத்தில் ஐரோப்பாவில் என்ன பருவம்?" அட, இது எங்கள் வீட்டுக் கேள்வி! கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"பனிக்காலங்க டீச்சர்! மான் போட்ட சட்டை போட்டிருப்பாங்க!"

மொத்தப் பள்ளிக்கூடமும் கொல்லென்று சிரித்தது. அங்கேயும் இப்போது கோடைதான் என்று சொல்லி, டீச்சர் கோப்பையைத் தூக்கிப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் பாய்ந்தேன். "எல்லாமே பொய்யுங்கப்பா! உங்களால எம்மானமே போச்சு!"

"இருக்காது கண்ணு," என்றார் அப்பா. "பன்னெண்டு வருசமா தெச்சுட்டிருக்கறன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவரே கம்பெனி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறார். வந்தவர் முகத்தைக் கழுவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா சொன்னதுதான் சரி கண்ணு. அங்க இப்ப நல்ல வெயிலாம். நாம தெக்கறது கப்பல்ல போயி, குடோன்ல கெடந்து, குளுரு வந்தப்பறந்தான் கடைக்கே வருமாம்." துண்டால் கைகளைத் துடைத்துக்கொண்டார். "ஒரு புள்ளையும் காத்துக்கிட்டு நிக்கலியாம்."

"பாத்தீங்களா! நாஞ்சொன்னேன்ல!" என்று நான் துள்ளிக் குதித்தேன்.

அதற்கப்புறமும் ஓவர்டைம் இருந்தது, அப்பாவும் போனார். ஏனுங்கப்பா லேட்டு என்று கேட்டால் ஷிப்மெண்ட் என்பார், அத்தோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோறு கொண்டுபோனபோது, தைத்து முடித்த சட்டைகளைத் தொப்பிக்குள் கை விட்டுப் பார்க்காமலே பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒரு வீடு விடாமல் ஏறி, எங்கப்பாவுக்கே நான்தான் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.